சிறுமூளை

பங்குனி. காற்று இன்னும் கணவாய் தாண்டவில்லை.
பணகுடிக்குத் தெற்கே எழுபத்திரண்டு காற்றாலைகள்
வேலை கிடைக்காத பட்டதாரிகள் மாதிரி
கையை விரித்துக்கொண்டு நிற்கின்றன.
அவற்றின் காலடியில் செத்த பறவை தேடுவது என் வேலை.
சம்பளம் பதினோராயிரம். தொப்பி கம்பெனியுடையது.

இன்று எதுவும் சாகவில்லை.
படிவத்தில் சுழியம் போட்டுவிட்டு
உடைமர நிழலில் உட்கார்ந்தேன்.
நாற்பத்தொன்றாம் கோபுரத்துப் பக்கம்
மொட்டைப்பனையிலிருந்து ஒரு பனங்காடை கிளம்பிற்று.

உட்கார்ந்திருக்கும்வரை அது புழுதி நிறம்,
தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு
ரேஷன் வரிசையில் நிற்கிற ஆள்.
சிறகைத் திறந்தால்தான் தெரியும்
இத்தனை நீலத்தையும் எங்கே மடித்து வைத்திருந்ததென்று.

கரகரவென்று கத்திக்கொண்டே ஒரு பனை உயரம்,
இரண்டு பனை, மூன்று.
பிறகு தன்னைத் தானே கைவிட்டது.
தலைகுப்புற,
இடம் சாய்ந்து வலம் சாய்ந்து உருண்டு
உடைமர உயரத்துக்கு வந்ததும்
ஏதோ நினைவு வந்ததுபோல் நிமிர்ந்தது.

நினைவு வந்ததுபோல் என்றது தப்பு.
நினைக்கவெல்லாம் அங்கே நேரமில்லை.
பின்மண்டையில், வேப்பங்கொட்டை அளவு மடிப்பொன்றில்
காற்றின் கனம், வாலின் கோணம், தரையின் தூரம்
எல்லாம் கூட்டிக் கழித்தாகிவிட்டது.
சிறுமூளை என்று பாடப்புத்தகம் பேர் வைத்திருக்கிறது.
எங்கள் ஊரில் அது வசவு.

போன ஆடியில் செத்த ஒன்றின் மண்டையோட்டில்
பாளையங்கோட்டை ஆய்வகத்தில் கடுகு நிரப்பினேன்.
அளவுக்குழாயில் கொட்டினால் அதுதான் கொள்ளளவு.
ஒரு தாளிப்புக்குக் காணாது.
கடல் தாண்டிய காடுகளில் சின்னச் சின்னப் பறவைகளை
இப்படி அளந்து பார்த்திருக்கிறார்கள் என்றார் ஞானசுந்தரி மிஸ்:
ஆட்டம் சிக்கலாக ஆக, மூளையும் கனத்திருக்கிறதாம்.
ஆடத் தெரியாதவனுக்குப் பிள்ளை இல்லை.
கணக்கு அவ்வளவுதான்.

சரி, பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு?

அவள் அதோ மின்கம்பியில்,
வெட்டுக்கிளி ஒன்றைப் பாதி விழுங்கிய நிலையில்.
முந்தாநாள் வந்தவன் இன்னும் தாழ வந்து நிமிர்ந்தான்,
இவன் அரைச் சிறகு முந்திவிட்டான்,
இதையெல்லாம் எந்த மடிப்பில் குறித்து வைக்கிறாள்?
அவள் ம்ஹூம், ம்ஹூம் என்று சொல்லிச் சொல்லித்தானே
எத்தனையோ ஆயிரம் தலைமுறையில்
அவன் மண்டை இப்படி ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க ஒருவர் வந்தார்.
வள்ளியூரில் கூட்டுறவு வங்கி.
சம்பளம் கேட்டார், பிடித்தம் போகவா என்றும் கேட்டார்.
சிறகு எதையும் திறக்கவில்லை.
போனபிறகு, மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறதாம் என்றார்கள்.
என் மண்டைக்குள் யாரும் கடுகு போட்டுப் பார்க்கவில்லை.

செம்மண் தடத்தில் பைக் சத்தம்.
டெக்னீஷியன் தேவசிங்.
எண்பது மீட்டர் ஏணியைத் தினம் ஏறி இறங்குகிறவன்
என்னைக் கண்டதும் ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்தான்.
எடுத்தவன் சீப்பை வேறு எடுத்தான்.
வெள்ளாடு ஒன்று குறுக்கே வந்தது.
சாய்ந்தான், எதிர்ப்பக்கம் சாய்ந்தான்,
நிமிர்ந்துவிட்டான் என்று நினைத்த நேரத்தில் மணல்.

"லேசா வழுக்கிட்டு மேடம், அடியெல்லாம் ஒண்ணுமில்ல.
இன்னிக்கு எத்தனை செத்துச்சு?"
முழங்கையில் ரத்தம். சீப்பு மட்டும் கையில் பத்திரமாக.
"இதுவரைக்கும் ஒண்ணுமில்ல" என்றேன்.
சிரிப்பை அடக்க முடியவில்லை, அவனும் சிரித்தான்,
ஆடு நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

திரும்பினால்
கம்பியில் அவள் இல்லை.
பனையிலும் வானத்திலும் எதுவும் இல்லை.
எப்போது எழுந்தாள், எந்தப் பக்கம்,
அவனோடா இல்லை முந்தாநாள்க்காரனைத் தேடியா?
மூன்று வாரமாகக் காத்திருந்த அந்த ஒரு நொடியை
நான் பார்க்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.