தண்ணீர் ஒன்று

சங்கு கிட்டங்கியின் மாடியில் எங்கள் சங்கம்.
கீழே சங்குச் சதையின் வாடை,
மேலே அறுபத்து மூன்று நாடுகள்.
'கீழக்கரை தபால்தலை சேகரிப்போர் சங்கம்' என்று
சீனி அசனா எழுதிய அட்டையில்
'சேகரிப்போர்' தாராளமாய் நீண்டுவிட,
'சங்கம்' மூலையில் எறும்பளவு.

வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து மூன்று மணி.
சந்தா இருபத்தைந்து காசு
அல்லது கிழியாத வெளிநாடு ஒன்று.
என்னிடம் இரண்டும் இல்லை.
எங்கள் குப்பத்துக்கு இரண்டு முறை தந்தி வந்திருக்கிறது,
கடிதம் வந்ததில்லை.

ஆனால் ஊர்க் கிணறெல்லாம் உப்பு.
அதில் ஊறிய சிங்கப்பூர் ராணி
காய்ந்ததும் முகம் வெளுத்து
மாவு சலித்து எழுந்தவள் போலாவாள்.
அலைக்குப் பத்தடி தள்ளி
எங்கள் மணலில் ஊற்றுத் தோண்டினால் இனிக்கும்.
சிரட்டையால் மொண்டு
சோடா பாட்டிலில் கொண்டுபோனேன்.
"நம்புவைச் சேத்துக்கலாம்" என்றான் தியாகசாமி;
அஞ்சலக எழுத்தர் மகன், ஆகவே தலைவன்.
பதிவேட்டில் அன்றிலிருந்து:
வருகை ஆறு. தண்ணீர் ஒன்று.

பீங்கான் தட்டில் மிதக்கவிட்டுக் காத்திருப்பேன்.
இழுத்தால் ராணிக்குக் காது போய்விடும்.
தானாகவே ஒரு நொடியில் விடும்,
பசை மெல்லக் கலங்கும்.
கொழும்பும் குவைத்தும் ஹாங்காங்கும்
ஒரு சாண் தண்ணீரில் இடித்துக்கொண்டு கிடக்கும்.

ஹபிலா கூட்டத்துக்கு வருவதில்லை.
அண்ணன் கையில் அவளுடைய பிஸ்கட் டப்பா வரும்,
உள்ளே ஒரு சீட்டும்:
"போன வாரம் தந்த மீன்கொத்திக்கு வால் நுனி இல்லை.
யாரை ஏமாற்றுகிறீர்கள்?"
தலைவன் உட்பட எல்லோருக்கும்
அவளிடம் பயம்.

ஐப்பசி ஈரத்தில் ஆல்பங்கள் ஒட்டிக்கொள்ளும்.
பக்கத்துக்குப் பக்கம் பவுடர் தூவுவோம்.
எந்த நாட்டைத் திறந்தாலும்
குளித்து முடித்த குழந்தையின் மணம்.

அந்த வருடம் நூகுவுக்கு
அவன் வாப்பா பினாங்கிலிருந்து எழுதினார்.
ஆகாயக் கடிதம், தலை தாளிலேயே அச்சானது.
தபால்காரர் தெரு முனை திரும்பும் முன்
படியிலேயே கத்தரித்துவிட்டான்.
மற்றதை உம்மாவிடம் கொடுத்தான்.
தலையை என்னிடம் மாற்றினான்,
மூன்று வாரத் தண்ணீருக்கு.
என் முதல் மலேசியா.

முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி.
பின்பக்கம் பார்ப்பது என் வேலை,
மை கலங்குமா என்று பார்ப்பேன்.
மூன்று அரை வரிகள்:
இயலாது
கடையை யாரிட
உம்மாவிடம் பைய

தட்டில் போடவில்லை.
கூட்டம் கலைந்தபின் படிக்கட்டில் நீட்டினேன்.
நூகு இரண்டு முறை படித்தான்.
"பெருநாளைக்கு ஊருக்கு வர... வரைக்கும்தான் கடிதத்துல இருக்கு.
அதுக்கப்புறம் ஓட்டை.
வெள்ளையடிச்சு முடிச்சுட்டாங்க நம்பு.
மாடி வரைக்கும்."

திரும்ப மேலே ஏறினோம்.
ஒட்டினால் பின்பக்கம் மறையும்.
ஒட்டாவிட்டால் உண்மை தனியாகக் கிடக்கும்.
சீனி அசனாதான் சொன்னான், கீல் போடலாமென்று.
ஆல்பத்தில் தலையைத் தூக்கிப் பார்க்க
ஒட்டுவோமே, அந்த மடிப்புக் காகிதம்.
ஆறு பேர் குனிந்து பிடிக்க
ஓட்டையில் பொருத்தினேன்.
குட்டிச் சன்னல்.
திறந்தால் வாப்பா,
மூடினால் வண்ணத்துப்பூச்சி.

தியாகசாமி பதிவேட்டில் எழுதினான்:
பரிமாற்றம் ஒன்று ரத்து. காரணம்: தண்ணீர்.

அடுத்த வெள்ளி நூகு
ஒரு கிண்ணம் தொதல் கொண்டுவந்தான்.
"தண்ணிக்காரப் புள்ளைக்காம்."
ஓட்டையைப் பார்த்த அன்றே உம்மாவுக்குத் தெரிந்ததாம்.
வருகிற மனுசன் அதை
தலைக்குப் பின்னால் கொண்டுபோயா எழுதுவார்,
முதல் வரியிலேயே எழுதியிருப்பார் என்றாளாம்.
"பின்ன எதுக்கு வெள்ளையடிச்சாங்க?"
"சுவத்துக்குத்தான்" என்றான் நூகு.

விரலில் நெய் மினுங்க
அன்று யாரும் தலைகளைத் தொடவில்லை.
ஹபிலாவின் டப்பாவை மட்டும்
முழங்கையால் திறந்தோம்.
சீட்டு இருந்தது:
"கீல் இரண்டு குறைகிறது.
கணக்கு எங்கே?"