பத்து மதிப்பெண்

பதினான்காம் கேள்வி:
1812ஆம் ஆண்டுப் போரின் காரணங்களையும் விளைவுகளையும் விவரி.
தூத்தூர்க் கல்லூரி, மேல்மாடி, ஜன்னலோரம்.
மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில்
கடல் எனக்கு மட்டும் கேட்கிறது போல,
மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.
கூடுதல் தாள் ஒன்று முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.

நெப்போலியனோடு மல்லுக்கு நின்ற இங்கிலாந்துக்குக்
கப்பல் இருந்தது, கை போதவில்லை என்று தொடங்கினேன்.
நடுக்கடலில் அமெரிக்கக் கப்பலை மறித்து
மாலுமிகளை வரிசையாய் நிற்கவைத்து
'நீ எங்கள் ஆள்' என்று இழுத்துப் போனார்கள்.
இரு பக்கமும் ஒரே பேச்சு,
வாயைத் திறந்தாலும் ஊர் தெரியாது.
ஆறாயிரம் பேர் என்கிறது புத்தகம்,
ஒன்பதாயிரம் என்கிறது நோட்ஸ்.
ஆறாயிரம் என்றே எழுதினேன்,
மூவாயிரம் பேரை மனசறிந்து விட்டுவிட்டு.

ததேயுஸோடு சேர்த்துப் பதினொரு பேர்.
இது விடைத்தாளில் இல்லை.
சுறாத் தூண்டிலோடு போன படகு,
ஆறு நாள் ஓட்டம்.
எஞ்சின் கோளாறு, நீரோட்டம், மீன் காட்டிய ஆசை:
வள்ளவிளையில் வீட்டுக்கொரு காரணம் சொல்கிறார்கள்.
ஆசைதான். நான் அவன் பெண்டாட்டி,
எந்த வட்டி அவனை அவ்வளவு தூரம் துரத்தியது என்று
எனக்குத்தானே தெரியும்.

டீகோ கார்சியா.
பிடித்தது இங்கிலாந்துக் கப்பல்,
ஓடுபாதையில் நிற்பது அமெரிக்க விமானம்.
அன்றைக்கு அடித்துக்கொண்ட இருவரும்
இன்றைக்கு ஒரே பாயில்.
அங்கே குடியிருந்தவர்களைப்
பாயோடு சுருட்டி அனுப்பி வெகுகாலமாயிற்று.

விளைவுகள்.
தலைநகரம் எரிந்தது.
அதிபர் மாளிகை மேசையில் ஆறாமலிருந்த சாப்பாட்டைத்
தின்று முடித்துத்தான் தீ வைத்தார்களாம்.
சிரிப்பு வந்துவிட்டது. கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார்.
நான் கட்டிக்கொடுத்த மாங்காய் ஊறுகாயை
யார் நக்கினார்களோ.

பூர்வகுடிகள் நிலம் இழந்தார்கள்.
அவர்களுக்கும் புத்தகத்தில் இந்தியர் என்றுதான் பேர்,
வழி தவறி வந்தவன் போட்ட பேர்.
யார் வென்றார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் கெண்ட் நகரில் கையெழுத்து.
சேதி கடல் தாண்டி வருமுன்
நியூ ஆர்லியன்சில் பதினைந்து நாள் கழித்தும்
சுட்டுக்கொண்டு செத்தார்கள்.
நேற்று ராத்திரி ஷரத்து ஷரத்தாய்த் தேடினேன்:
கப்பல் மறித்து ஆள் பிடித்ததைப் பற்றி
அந்த உடன்படிக்கையில் ஒரு வரி இல்லை.
ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்ததும் அது
தானாய் நின்றுவிட்டதாம், அதனால் பேசவில்லையாம்.

அபராதம் கட்டினால் தானாய் விட்டுவிடுவார்கள் என்றார்
மீன்துறை அதிகாரியும்.
இத்தனை பவுண்டு என்றார்.
என் காதில் பவுன் என்று விழுந்தது,
கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

'போருக்கு முன் எல்லை எங்கிருந்ததோ
அங்கேயே இருந்தது' என்று முடித்து
ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன்.
மணி அடித்துவிட்டது.
கூடுதல் தாளை நூலால் கட்டும்போது
விரல் தன்போக்கில் போட்டது தூண்டில் முடிச்சை.
இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்காணிப்பாளர் கேட்டார்,
'இதை எப்படிம்மா அவிழ்க்கிறது?'