எழுபத்தாறு

செவ்வாய், வியாழன், சனி.
புரசைவாக்கம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில்
வாரம் மூன்று நாள் அந்த நாற்காலி எனக்கு.
மற்ற நாட்களில் சுகந்தி.
அவள் குட்டை என்பதால் ஏற்றி வைத்துவிட்டுப் போவாள்,
நான் வந்து இறக்குவேன்.

உள்ளிருந்து எண்கள் சீட்டில் வரும்,
நான் அடித்துக் கொடுப்பேன்.
சர்க்கரை, உப்பு, கொழுப்பு.
மழை மாதங்களில் பிளேட்லெட்.
ஒரு சைபர் விட்டால்
ஒரு குடும்பமே அழுதுகொண்டு ஆட்டோ ஏறும்.
இதுவரை விட்டதில்லை.

தீபாவளி கழிந்து மூன்றாம் வாரம்
என் ரத்தமும் ஒரு குப்பியில் உள்ளே போனது.
திங்கட்கிழமை, சுகந்தி முறை.
பெயர்: அமலோற்பவ
கடைசி எழுத்துக்குக் கட்டத்தில் இடமில்லை.
பிளேட்லெட்: 41000
சைபர்களை எண்ணினேன்.
சரியாகத்தான் அடித்திருந்தாள்.

பதினாறு நாள் படுக்கை.
எலும்புக்குள் யாரோ விடிய விடியப்
பாத்திரம் துலக்கினார்கள்.
அதில் என் வேலை நாட்கள் ஏழு.
மீதி ஒன்பது நாள் காய்ச்சல்
யார் கணக்கு என்று தெரியவில்லை.

"பார்ட் டைமுக்கு லீவு சம்பளம் கெடையாதும்மா"
என்றார் மேனேஜர்.
"ஈ.எஸ்.ஐ. புடிக்கிறோமில்ல, அங்க போய்க் கேளு."
பிடித்திருந்தார்கள்,
மாதம் ஐம்பத்திரண்டு ரூபாய்.
அந்தக் காசுக்கு ஒருமுறைகூட நான் முணுமுணுத்ததில்லை.

அயனாவரத்துக்கு ஷேர் ஆட்டோ.
இறங்கியதும் தலை சுற்றி
ஒரு ஜெராக்ஸ் கடை சுவரைப் பிடித்து நின்றேன்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கே
மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
பென்சிலால் ஒருமுறை எண்ணினார்,
கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு இன்னொரு முறை.
"போன அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும்
எழுபத்தெட்டு நாள் வேணும்.
ஒங்களுக்கு எழுபத்தாறு."

இருபத்தாறு வாரம், வாரத்துக்கு மூன்று.
ஜன்னல் விளிம்பிலேயே விரலால் பெருக்கிப் பார்த்தேன்.
எழுபத்தெட்டு!
ஆக, இந்தக் கணக்குப் போட்டவருக்கு
என்னைப் போல ஒருத்தியைத் தெரிந்திருக்கிறது.
ஒருநாளும் தவறாதவள்,
மழையே பெய்யாத ஒரு சென்னையில் குடியிருப்பவள்.

போன டிசம்பரில் பெய்தது.
ஓட்டேரிக் கால்வாய் எங்கள் தெருவுக்குள் வந்து
கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டது.
செவ்வாயன்று போனேன், பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டி,
செருப்பைக் கையில் பிடித்து.
ஷட்டர் பூட்டியிருந்தது.
இரண்டு படி தண்ணீரில்,
மூன்றாம் படியில் ஒரு செம்பட்டை நாய்.
அரைமணி நேரம் இரண்டு பேரும் நின்றோம்.
வியாழனும் போனேன்.
நாய் இருந்தது, படி ஒன்று குறைந்திருந்தது.

திறக்காத நாளுக்குக் கூலி இல்லை.
கூலி இல்லாத நாள், நாளே இல்லை.

போனில் படம் இருந்தது.
வராமல் போனேன் என்று சொல்லிவிடுவார்களோ என
அன்றைக்கே எடுத்து மேனேஜருக்கு அனுப்பியது.
காலை ஆறு ஐம்பத்திரண்டு.
ஜன்னலுக்குள் நீட்டினேன்.
இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்,
ஷட்டரை, தண்ணீரை.
"நாய் யாரோடது?"
"தெரியாது சார்."
"பொழச்சுதா?"
அதுவும் தெரியவில்லை.
வெட்கமாக இருந்தது.

"ரெண்டே ரெண்டு நாள்தாம்மா" என்றார்,
அவர்தான் அதைத் தொலைத்தவர் மாதிரி.
"மேல எழுதிப் போடுங்க, பாப்போம்."
ஒருபக்கத் தாள் ஒன்று கொடுத்தார்.
பின்னால் வேறு யாருடையதோ முதுகுவலி.
ஐயா, கீழ்க்கண்ட இரண்டு நாட்களும்
நான் வந்திருந்தேன்.
அதற்குமேல் எழுத ஒன்றும் வரவில்லை.
அமலோற்பவம் என்று போட்டேன்,
தாளில் இடம் இருந்தது.

சனிக்கிழமை.
காய்ச்சல் சீசன், சீட்டுகள் குவிந்து கிடந்தன.
நாற்காலி சுகந்தியின் உயரத்தில் இருந்தது.
நெம்புகோலை அழுத்தக் காலில் வலுவில்லை,
அப்படியே உட்கார்ந்தேன்.
முட்டி இரண்டும் மேசையின் அடியில் இடிக்க
முதல் பெயரை அடித்தேன்.
வயது ஒன்பது.
சைபர்களை எண்ணினேன்.