கழுத்தில் பொறித்த தேதி

பொன்சே நகரத்துப் பல் மருத்துவமனையில்
பகல் முழுக்க நான் திறந்து மூடுவது
இதே வாயுவைத்தான்.
சிரிப்பூட்டும் வாயு என்று பெயர்.
நாற்காலியில் சாய்ந்த எவரும் சிரித்துப் பார்த்ததில்லை,
இறுக்கிப் பிடித்த கைப்பிடியை
மெல்ல விடுவார்கள், அவ்வளவுதான்.

இரவில் அதன் முரட்டுத் தம்பி.
யாரும் மோந்து மயங்கிவிடாதிருக்கக்
கந்தக நெடி கலந்து விற்பது,
எண்பத்திரண்டில் பிறந்த என் கொரொல்லாவுக்கு.

புதுச் சாமான் முழுசாக எழுநூறு டாலர்.
என் வாடகை ஐந்நூற்றிருபது.
ஆகவே குவயாமா போனேன்,
ஓர்லாண்டோவுக்குக் குடிபெயரும் வில்மர் பபோனின் வீட்டுக்கு.
புயல் தின்ற கூரைமேல் இன்னும் நீலத் தார்ப்பாய்.
முற்றத்தில் சலவை இயந்திரம், கிளியில்லாத கூண்டு,
நடுவே அந்தப் புட்டி:
என் மூக்கு தெரியுமளவுக்குப் பளபளப்பு.

கழுத்தைத் தடவினேன்.
மாதமும் வருடமும் அடித்திருக்க வேண்டிய இடத்தில்
ஒரு வழவழப்பு.
அதற்குள் பாதி மூன்றோ, பாதி எட்டோ.
"அழகுக்காகத் தேய்த்தேன், நெரெய்தா" என்றார்.
பொய்யில்லை அது.
பொய்யாக இருந்திருந்தால்
திரும்பி வந்திருப்பேன்.

எண்பது டாலர், பட்டையும் வால்வுகளும் சேர்த்து.
குழாயை இலவசமாகவே தந்தார்.
வளைவில் எஃகுப் பின்னலின் ஓர் இழை கிளம்பி
விரலைக் குத்தியது.
அதை மட்டும் அவரிடமே விட்டு வந்தேன்.

சமையல் மேசையில் பழைய செய்தித்தாள் விரித்து
வால்வுகளைப் பிரித்தேன். பத்தொன்பது டாலருக்குப் புது அடைப்புகள்.
ஸ்விட்ச், யாரோ வீசிய படகினுடையது.
இந்த அளவுக்குக் கஞ்சத்தனம் எனக்குப் பெருமை.
பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் வாயுவை வெட்டும் கருவியைப்
புதிதாகவே வாங்கினேன், பேரம் பேசாமல்.
பெட்ரோல் வராமல் வாயு மட்டும் வந்தால்
பிஸ்டன் மெழுகாகும் என்பது
எதிர்வீட்டு வண்டியில் பார்த்தது.

"புட்டி குளிர்ந்தால் தீக்குழலைக் காட்டு" என்றான்
என் அக்காள் கணவன் எலியேசர்.
பன்றி ரோமம் பொசுக்கும் அதே குழல்.
எல்லாரும் செய்கிறார்களாம்.
எல்லாரும் உயிரோடிருக்கிறார்களா என்று கேட்டேன்.
எண்ணிப் பார்த்துவிட்டுப்
பீர் எடுக்கப் போனான்.

அப்புறம் பயமோன். சோதனைக் கூடம்.
புட்டிக்குள் நீர் நிரப்பி அழுத்துகிறார்கள்,
எவ்வளவு வீங்கியது, எவ்வளவு திரும்பியது.
என் புட்டி திரும்பவில்லை.
வீங்கியது வீங்கியபடி,
கோபித்துக்கொண்டு போன சித்தப்பா மாதிரி.
என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு
கழுத்தின் மரையை அறுத்துத் தந்தார்கள்.

முப்பத்தைந்து டாலர் கொடுத்து
எண்பது டாலர் போனதைத் தெரிந்துகொண்டேன்.
எலியேசர் கூட்டிச் சொன்னான், சிரித்துச் சிரித்து,
வாயு இல்லாமலே.
ஆனை வாங்கத் துணிந்தவள்
அங்குசத்துக்கு அழக்கூடாது என்றேன்.
உள்ளுக்குள் அழுதேன்தான்.
இருபது நாள் மதியச் சாப்பாடு அது.

புதன் இரவு சலீனாஸில் வெறும் பெட்ரோலோடு ஓடினேன்.
பின்னால் பட்டை மட்டும்,
எதையும் கட்டிப் பிடிக்காத இரண்டு கைகள்.
தோற்றேன். நெருங்கிக்கூடத் தோற்கவில்லை.

வியாழன் காலை மருத்துவமனையில்
நீல உருளையை வண்டியில் ஏற்றும்போது
கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.
ஆறு வருடமாகத் திறந்து மூடியிருக்கிறேன்,
ஒருநாளும் படித்ததில்லை.
மாதம், வருடம், நடுவில் ஒரு முத்திரை,
எல்லாம் ஆழமாக, அசிங்கமாக, தெளிவாக.

ஏழு வயதுப் பையன் வந்து படுத்தான்.
முகமூடியை வைத்தேன்.
கொஞ்ச நேரத்தில்
விரல்கள் கைப்பிடியை விட்டன,
ஒவ்வொன்றாக.