ஐந்து நிமிட நடை

தணிகாசலத்தின் கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து.
எந்தச் சாவி எந்த வீட்டுக்கென்று
அவருக்கே தெரியாது.
ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்ப்பார்.
பூட்டு திறக்கும்வரை பேச்சு திறந்திருக்கும்.

"ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடை சார்.
கடை கண்ணி எல்லாம் வாசல்லயே."

சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும்
புதுப் பெயின்ட்.
அழகுக்கென்று நினைத்தேன்.

ஒரு மாத வாடகை அவருக்கு,
ஆறு மாத அட்வான்ஸ் ஓனருக்கு.
மிச்சச் சில்லறையில்
பால் காய்ச்ச ஒரு பாக்கெட்டும் நாலு முட்டையும்
எதிரே ஜெபமணி ஸ்டோர்ஸில்.

"யாரு பிடிச்சுக் குடுத்தா வீட்டை?"

சொன்னேன்.
முட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அவன் காட்டுற வீட்டுல எல்லாம்
தண்ணி நல்லா வரும் தம்பி.
டிசம்பர்ல."

புழுதிவாக்கத்தில் இந்தத் தெருவுக்கு
எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு.
ஒரே வீட்டுக்கு மூணு பேரிடம் டோக்கன் வாங்கினவன்
என்பார் இஸ்திரி வண்டி நாகபூஷணம்,
சட்டைக் காலரை அழுத்தியபடி.
மெடிக்கல் ஷாப் ஷமீமாவுக்குக்
கடை பிடித்துத் தந்ததே அவர்தான்;
ஷட்டரைத் தூக்க ரெண்டு ஆள் வேண்டும் என்பதை
மட்டும் சொல்லாமல் விட்டாராம்.

மாடி வீட்டு வசுமதிக்கோ
ஜெபமணி கடை மேல்தான் கோபம்.
துவரம்பருப்பில் கல்,
சோப்பு எம்.ஆர்.பி.க்கு ஒரு ரூபாய் மேலே,
சில்லறைக்குப் பதில் புளிப்பு மிட்டாய்.
அவர் வெங்காயம் போனில் வருகிறது,
பத்து நிமிஷத்தில், பனியன் நனைந்த ஒரு பையனோடு.
மாசக் கடைசியில் மட்டும் படியிறங்கிப் போவார்.
போனில் கடன் நோட்டு கிடையாது.

டிசம்பர் வந்தது.
முதலில் பாத்ரூம் குழி வழியாக,
அப்புறம் வாசல் வழியாக, முறைப்படி.
பெயின்ட் கோட்டில் வந்து நின்றது.
எனக்கு முன்னால் இருந்தவரின் டிசம்பரும்
அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

மெழுகுவர்த்திக்கு ரெண்டு ரூபாய் கூடத்தான் போட்டார் ஜெபமணி.
ஆனால் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ராத்திரி எட்டு மணிக்கு
லுங்கியைத் தொடைக்கு மேல் கட்டிக்கொண்டு
தண்ணீரில் ஒருவர் நடந்து வந்தார்.
ஊருக்குப் போனவர்களின் பூட்டிய வீடுகளைத் திறந்து
மெயின் ஸ்விட்சை அணைத்து
மறுபடி பூட்டினார், வரிசையாக, ஏழு வீடு.
அன்று ஒரு சாவியும் தப்பவில்லை.

அதற்கும் வீட்டுக்கு நூறு ரூபாய் வாங்கினான்
என்கிறார் வசுமதி.
அவளாகத்தான் கொடுத்தாள் என்கிறார் ஜெபமணி.
நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது காலி செய்கிறேன்.
புது ஆள் வந்தால்தான் அட்வான்ஸ் திரும்பும்
என்றுவிட்டார் ஓனர்.
போன ஞாயிறு நானே பிரஷ் வாங்கி வந்து
முழங்கால் உயரத்துக்கு அடித்தேன்.

இன்று ஒரு ஜோடி வந்திருக்கிறது.
பையன் நீள அகலம் அளக்கிறான்.
அந்தப் பெண் நேராக என்னைப் பார்த்து,
"மழைக்குத் தண்ணி நிக்குமாங்க?"

தணிகாசலம் விட்டத்தைப் பார்த்தார்.
வாழ்நாளில் முதல்முறையாக
பேச்சை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

"ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.
செருப்பை மாட்டிக்கொண்டு
ஏதோ வாங்கி வருவதாகச் சொல்லித் தெருவைக் கடந்தாள்.

ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம்
நாங்கள் இரண்டு பேர்,
பெயின்ட் வாடையில், பேசாமல்.

எதிரே
முட்டை சுற்றிக்கொண்டிருந்த கை
நின்றது.