சிகிச்சை நடந்த இடம்

படிவத்தில் அது ஏழாவது கட்டம்.
அம்புக்குறியைத் தொட்டால் மூன்று பதில் விழும்:
உள்நோயாளி, புறநோயாளி, அவசரப் பிரிவு.
கெம்பய்யா உட்கார்ந்திருந்ததோ
அஞ்செட்டிக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் ஒரே பாறையில்.
டாக்டர் நிலோஃபர் இருந்தது கிருஷ்ணகிரியில்,
என் மேசையிலிருந்து இரண்டு அறை தள்ளி.
இருமல் அங்கே. காது இங்கே.
எதைத் தட்டுவது நான்?

புறநோயாளி என்று போட்டேன்.
திரும்பி வந்தது க்ளெய்ம்:
‘நோயாளி நேரில் வந்ததற்குச் சான்று இல்லை.’
உண்மைதான்.
வந்திருந்தால் தேன்கனிக்கோட்டையில் மாறி,
ராயக்கோட்டையில் மாறி,
ஒரு நாள் கூலியையும் மாற்றிக் கொடுத்திருப்பார்.

பிறகு சட்டம் வந்தது.
அவையில் யார் எழுந்தார்கள், யார் மேசையைத் தட்டினார்கள்,
எதுவும் தெரியாது எனக்கு.
எங்களுக்கு வந்தது நான்கு பக்கச் சுற்றறிக்கை.
மூன்றாம் பக்கத்து உட்பிரிவில் யாரோ எழுதியிருந்தார்:
‘இடம் என்பது நோயாளி இருக்கும் இடம்.’
சோற்று டப்பாவை மூடிவிட்டு
இன்னொரு முறை படித்தேன்.
எழுதியவர் அந்தப் பாறையைப் பார்த்திருக்க மாட்டார்.

ஏழாவது கட்டத்தில் நான்காவது பதில் முளைத்தது:
தொலைவழி.
பச்சைக் குழந்தையின் தொப்புளைக் கேமராவுக்குக் காட்டினாள் மாதேவி.
டார்ச் பிடித்த புருஷனின் கை நடுங்க
திரை முழுக்க ஒரு தொப்புள் நடுங்கியது.
சாக்கம்மா தன் சர்க்கரை அளவை
கன்னடத்தில் சொன்னாள், பிறகு தெலுங்கில்,
கடைசியில் விரலில்.

காற்று மாறும் நாளில் போன்
காவிரிக்கு அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.
கர்நாடகம் வரவேற்கிறது என்று ஒரு குறுஞ்செய்தி.
அந்த வார க்ளெய்ம் திரும்பும்: ‘வெளிமாநிலம்.’
நான் பதில் எழுதுவேன்:
ஐயா, பாறை நகரவில்லை.

சட்டத்துக்கும் காலாவதி உண்டு.
கடைசிப் பக்கத்தில், மாத்திரை அட்டையின் ஓரத்தில் இருப்பதுபோல்
பொடி எழுத்தில் இருந்தது. மார்ச் முப்பத்தொன்று.
நீட்டிப்பு நிறைவேறியது ஏப்ரல் பன்னிரண்டு.
முன்தேதியிட யாருக்கும் தோன்றவில்லை.
நடுவில் பதினொரு நாள்,
தொலைவழி என்ற சொல் சாம்பல் நிறமாகி
அழுத்தினாலும் அழுந்தாமல் கிடந்தது.
மலை வழக்கம்போல் இருமியது.
டாக்டர் வழக்கம்போல் எடுத்தார்.
நாற்பத்து மூன்று பேர்.

மேலாளர் பரந்தாமன் குனிந்து, மெதுவாக:
“மூணுக்கு முன்னாடி ஒரு ஒண்ணு போடும்மா,
பதிமூணு ஆயிடும். யார் பாக்கப்போறா?”
விரல் போனது. போய் நின்றது.

டாக்டர் நிலோஃபர் ஒரு சனியும் ஒரு ஞாயிறும்
நாற்பத்து மூன்று எண்களையும் திரும்ப அழைத்தார்.
அதே கேள்விகள், சட்டம் அமலில் இருக்கும் தேதியில்.

கெம்பய்யா மறுபடி பாறை ஏறினார்.
“இருமல் எப்படி?”
“நின்னுபோச்சும்மா.”
“பரவால்ல, எனக்காக ஒரு தடவை இருமுங்க.”
சிரித்தார். சிரிப்புக்குள்ளிருந்து
ஒன்று கிளம்பியது, நிஜமாகவே,
அடங்க வெகுநேரம் பிடித்தது.
டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.
“செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே. கட்டாயம் வரணும்.”

நாற்பத்து இரண்டு முடிந்தது.
கடைசி எண் முனிராஜுலு, வயது முப்பத்தொன்று, நெஞ்செரிச்சல்.
பின்னால் கம்பி வெட்டும் சத்தம்.
பெங்களூரு, ஒன்பதாவது மாடி, சென்ட்ரிங் வேலை.
எரிச்சல் இன்னும் இருக்கிறதாம்,
சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் பேசலாமாம்.
கோபுரம் எதுவென்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இடம் என்பது நோயாளி இருக்கும் இடம்.
ஏழாவது கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
மணி ஆறு வரை உட்கார்ந்திருந்தேன்.
ஐயா,
இந்த முறை பாறை நகர்ந்துவிட்டது.