குறிப்பில் இல்லாதது

டப்ஸ்கொட் ரோட்டில் ஒரே பிளாசா,
ஒரே வாகனத் தரிப்பிடம்.
இடப்பக்க மண்டபத்தில்
கொன்றைவெளி மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கம்.
வலப்பக்க மண்டபத்தில்
கொன்றைவெளி மகா வித்தியாலயப் பழைய மாணவர் ஒன்றியம்.
நடுவில் டயர் மாற்றும் கடை.

இரண்டுக்கும் இன்றைக்கு இருபத்தைந்து வயது.
இரட்டைப் பிள்ளைகள் என்று நினைக்க வேண்டாம்.
பிறந்தது ஒன்றுதான்:
எக்ளின்டனில் ஒரு நிலக்கீழ் வீடு,
ஏழு பேர், ஆறு கதிரை.
நின்றவன் நான். அதனால்தான்
என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

உடைந்தது எட்டாம் வருசம்.
காரணம் சொன்னால் சிரிப்பீர்கள்.
பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி.
தன் தகப்பனின் பெயர் பொறிக்க வேண்டும் என்றார் அற்புதநாதன்.
சங்கத்தின் பெயர்தான் என்றார் பரராசசிங்கம்.
நாலு மணி நேரம் பொதுக்கூட்டம்.
கதிரை ஒன்று பறந்தது.
'கதிரை இடம் மாறியது' என்று
குறிப்பில் எழுதினேன்.
இரு பகுதியும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.
அதற்குப் பிறகு ஏகமனதாக எதுவும் இல்லை.

தொட்டி எழும்பியது, பிழை சொல்லக்கூடாது.
கிழக்கே ஒரு கல், மேற்கே ஒரு கல்.
போன ஆடியில் போயிருந்தேன்.
ஆறாம் வகுப்புப் பெடியன் ஒருவன்
கழுத்தைத் திருப்பிக் குழாயில் வாய் வைத்து
மளமளவென்று குடித்தான்.
அவன் பார்த்தது
தொட்டி விளிம்பில் இருந்த காகத்தை.

நான் இரண்டு பக்கமும் சந்தா கட்டுகிறவன்.
இருபது டொலர் அங்கே, இருபது இங்கே.
'இரண்டு வீட்டுக்காரன்' என்பாள் மனைவி.
கோட்டின் இடப்பையில் ஒரு பெயரட்டை,
வலப்பையில் மற்றது.
ஸ்னோவில் சறுக்கிச் சறுக்கி
நடக்கிறேன் மாறி மாறி.

அங்கே ஆட்டிறைச்சி ரோல்ஸ், இங்கே மீன் ரோல்ஸ்.
இரண்டும் யோகமலரின் குசினி.
அதிபரின் வாழ்த்துச் செய்தி
இரண்டு திரையிலும் விழுகிறது.
சங்கம் என்ற இடத்தில் ஒன்றியம்;
மற்றதெல்லாம் அச்சொட்டாய் அதே.
'அளப்பறிய சேவை' என்ற
எழுத்துப் பிழை உட்பட.
இரண்டு மண்டபத்திலும் ஒரே இடத்தில் கைதட்டல்.

ஏழே முக்காலுக்குக் கல்லூரிக் கீதம்.
வெளியே நின்று கேட்டேன்.
ஒரு சுவருக்குள்ளால் பல்லவி,
மறு சுவருக்குள்ளால் அரை வரி பிந்திய பல்லவி.
இரண்டாம் சரணத்தில் எல்லோரும் முணுமுணுக்க,
பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்,
சொல் தெரிந்தவன் எவனுமில்லை.
டயர்க் கடைப் பையன்
தொப்பியை உயர்த்திக் கேட்டான்:
இரண்டு பள்ளிக்கூடமா?
ஒன்று, என்றேன்.
தலையாட்டிவிட்டு
அடுத்த காரை உயர்த்தினான்.
குளிர்கால டயர், நாலும்.

பிறகுதான் அந்த விசயம்.
கேக் மேசைக்கு வந்துவிட்டது,
கத்தி இல்லை.
யோகமலர் இரண்டு கத்தியையும்
வலப்பக்கப் பெட்டியில் போட்டுவிட்டா,
அதில் ஒன்று ஏற்கெனவே தொலைந்தும் விட்டது.
'பிளாஸ்டிக் கரண்டியால் வெட்டுவம்,
அங்கே கேட்கத் தேவையில்லை' என்றார் அற்புதநாதன்.
எழுபத்தொரு வயது. மூச்சு வாங்கியது.

நான் போனேன்.
பரராசசிங்கம் ஒன்றும் கேட்கவில்லை.
தங்கள் நீலக் கேக்கை வெட்டி முடித்து,
பேப்பரில் சுற்றி,
கைபிடிப் பக்கமாக நீட்டினார்.
கோட்டுக்குள் கத்தியோடு
தரிப்பிடத்தைக் கடந்தேன்.
பொலிஸ் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

துடைக்க மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.
இந்தப் பக்கத்து வெள்ளைக் கேக்கில்
முதல் வெட்டு விழுந்தபோது
உள்ளே நெடுக ஒரு நீலக் கோடு.
எங்கள் கொடியில் இருப்பது போல.

அற்புதநாதன் அந்தத் துண்டைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
சீனி வருத்தக்காரன், சாப்பிடக்கூடாது.
முழுவதையும் சாப்பிட்டார்.

கூட்டக் குறிப்பில்
'கேக் வெட்டப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.